ராஜாளியின் இரண்டாவது கூடு

என் தங்கையின் வேலை கழுகு பார்ப்பது. என் வேலை அவளோடு போய்விட்டுத் தனியாகத் திரும்பி வருவது.

இதைச் சொன்னால் யாருக்கும் உடனே புரிவதில்லை. ராஜாளி என்று நாங்கள் சொல்லும் பெரிய கழுகு, மனிதர் ஏற அஞ்சும் பாறைச் சுவரில் குச்சிகளை அடுக்கிக் கூடு கட்டும். அந்தக் கூட்டை நாள் முழுக்கப் பார்க்க எதிர்ச்சரிவில் ஒரு துணி மறைப்பு போட்டிருப்போம். அதற்குள் ஆள் நுழைவதைப் பறவை பார்த்துவிட்டால், அந்த ஆள் வெளியே போகும்வரை கூட்டுப் பக்கமே வராது. இரண்டு பேர் நுழைந்து ஒருவர் மட்டும் வெளியே வந்து நடையைக் கட்டினால், ஆள் போயாயிற்று என்று நம்பி வந்துவிடும். கண் அவ்வளவு கூர்மை. கணக்கு மட்டும் வராது.

என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர். வாய் சும்மா இருக்காது. எட்டாம் வகுப்போடு நான் படிப்பை நிறுத்தியது இத்தனை வருடம் கழித்துப் பயன்பட்டுவிட்டது, கணக்குத் தெரியாத பறவைக்குக் கணக்கு வாத்தியாராகும் வேலை இவளுக்குக் கிடைத்திருக்கிறது என்று ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்.

எனக்குத் துணி திருத்தும் கடை இருக்கிறது. நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்து விடுவது, ஜிப் மாற்றுவது. அந்த மறைப்பைத் தைத்தவளும் நான்தான். காற்றில் படபடக்கக் கூடாது என்பதற்காக ஓரங்களை உள்பக்கம் மடித்து இரட்டைத் தையல் போட்டேன். ஜிப் வைத்தால் சத்தம் கேட்கும் என்று துணியிலேயே காது வைத்து, மரப் பொத்தான் கோத்தேன். தொலைநோக்கிக் குழாய்க்கு விட்ட ஓட்டையைச் சுற்றிக் கறுப்புத் துணியில் உறை மாதிரி ஒன்று. ஒரு மழைக்காலம் முழுக்க நின்றும் அதில் ஒரு தையல்கூட விடவில்லை.

தங்கை என்னைவிட மிகவும் இளையவள். அவள் படித்தாள். பட்டம் வாங்கினாள். பிறகு வேலை என்று போய்ச் சேர்ந்தது, கழுகுகள் எங்கே கூடு கட்டுகின்றன, எதைக் கொண்டுவந்து குஞ்சுக்கு ஊட்டுகின்றன, எந்த வருடம் குஞ்சு பிழைக்கிறது, எந்த வருடம் இல்லை என்று பார்க்கிற வேலையில். நிரந்தரம் கிடையாது. ஒவ்வொரு பருவம் முடியும்போதும் அடுத்த பருவத்துக்குக் கூப்பிடுவார்களா என்று காத்திருக்க வேண்டும். கூப்பிட்டார்கள். இவளைப்போல் பாறையில் ஏறிக் குஞ்சை எடுத்துக் காலில் வளையம் மாட்டிவிட்டு, தாய்ப்பறவை திரும்புவதற்குள் இறங்குகிறவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. பிற ஊர்களிலிருந்து வந்தவர்கள் இவளிடம் கற்றுக்கொண்டு போனார்கள். தெருவில் அவளுக்குப் பெயர் கழுகம்மா. ஏளனமாக வைத்த பெயர்தான். எனக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் கழுத்து கொஞ்சம் நிமிரும்.

ஏறி ஏறி முழங்கால் போனது. இடது கால். காலையில் படுக்கையிலிருந்து எழுந்து அதை நீட்டி மடக்கி, அது சரி என்று சொன்ன பிறகுதான் தரையில் ஊன்றுவாள். டாக்டர் ஓய்வு எடுக்கச் சொன்னார். கழுகு முட்டையிடுகிற காலத்தில் ஓய்வா என்று சிரித்தாள். சிரிப்பில் சத்தம் இல்லை. அந்த வருடம் அவளுக்கு எல்லாமே அப்படித்தான் இருந்தது. சாப்பிடுவாள், எதைச் சாப்பிட்டாள் என்று தெரியாது. ஒரு செருப்பைக் கழற்றிவிட்டு அடுத்ததைக் கழற்ற மறந்து உட்கார்ந்திருப்பாள்.

அவள் பல வருடமாகப் பார்த்துவந்த ஜோடி ஒன்று, மூடிக் கிடந்த ஒரு கல்குவாரிக்கு மேலே இருந்த மலையில் குடியிருந்தது. அந்த ஜோடிக்கு வரிசையாகக் குஞ்சு பிழைக்கவில்லை. ஒரு வருடம் முட்டை கூமுட்டையாய்ப் போயிற்று, ஒரு வருடம் குஞ்சு விழுந்தது, ஒரு வருடம் புயல். இந்த வருடம் குவாரியைத் திரும்பத் திறக்கப்போவதாகச் சொன்னார்கள். கூட்டுக்குப் பக்கத்தில் வெடி வைத்தால் தாய் எழுந்து ஓடிவிடும், ஓடினால் முட்டை குளிர்ந்துவிடும். இந்தத் தடவையும் போனால் அந்த ஜோடி இடத்தையே விட்டுவிடும் என்று தங்கை பயந்தாள்.

குவாரி அலுவலகத்தில் ஒரு கூட்டம் நடந்தது. அவளால் தனியாக மாடிப்படி ஏற முடியாது என்று நானும் போயிருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலிகள், சுற்றும்போது தட்டுகிற மின்விசிறி, சுவரில் மலையின் வரைபடம். வனத்துறை அதிகாரி ஒரு பெண். அதிகம் பேசமாட்டார். குவாரி மேலாளரை எல்லோரும் வெடிக்காரர் என்பார்கள், பாறை உடைப்பதில் பழம் தின்று கொட்டை போட்டவர். கூடு எங்கே என்று அதிகாரி கேட்டார். தங்கை எழுந்து மலையின் முன்முகத்தில் விரலை வைத்தாள். பறவை அங்கே பச்சைத் தழை கொண்டுவந்து போடுகிறது, உட்காரவும் ஆரம்பித்துவிட்டது என்றாள். அதிகாரி அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பில் வட்டம் போட்டார். வெடிக்காரர் யோசித்துவிட்டு, அப்படியானால் முன்பக்கத்தை விட்டுவிட்டு மலையின் பின்தோளிலிருந்து ஆரம்பிக்கிறோம் என்றார். சண்டையில்லாமல் முடிந்த முதல் கூட்டம் என்று எல்லோரும் டீ குடித்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் தங்கை என் தோளில் சாய்ந்து தூங்கினாள். மேலதிகாரிகள் இருந்த அறையில் எல்லோரும் அவள் விரல் போன இடத்தைப் பார்த்ததை நினைத்துக்கொண்டே நான் வந்தேன்.

அதற்குப் பிறகு தினமும் மறைப்புக்குப் போனோம். நான் உள்ளே போவேன், அவளுக்கு மடக்கு நாற்காலியைப் போட்டுக் காலுக்குக் கீழே பையை வைத்துவிட்டு வெளியே வருவேன், பறவைக்குத் தெரியும்படி கையை வீசிக்கொண்டு இறங்குவேன். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து கூட்டிப்போவேன்.

அடைகாக்கும் பறவை கூட்டின் குழிக்குள் அமுங்கிக்கிடக்கும், கீழிருந்து பார்த்தால் தெரியாது என்று அவள் எனக்குச் சொல்லியிருக்கிறாள். அதனால் தினமும் அவள் எதையும் பார்க்காமல் திரும்பியது எனக்குப் புதிராகத் தெரியவில்லை. அவளுக்கும் புதிராகப் படவில்லை, அல்லது படாத மாதிரி வைத்துக்கொண்டாள். பிறகு ஒரு நாள் சாயங்காலம் நான் போனபோது, தொலைநோக்கியை மூடிப் பையில் வைத்துவிட்டு மறைப்புக்கு வெளியே கல்லின்மேல் உட்கார்ந்திருந்தாள். வீட்டில் தட்டை அப்படியே வைத்துவிட்டுப் படுத்தாள். காலையில், இன்று வேறு வழியாகப் போகலாம் அக்கா, மலையைச் சுற்றிப் போகலாம் என்றாள்.

அந்த வழி சரளைக் கல். கால் வைத்தால் சறுக்கும். நான் முன்னால் நின்று கை கொடுக்க, அவள் நல்ல காலை முதலில் வைத்து மற்றதை இழுத்துக்கொண்டு வந்தாள். வழியில்தான் சொன்னாள். முந்தைய நாள் மத்தியானம் ஆண் பறவை காலில் ஓணானோ எதையோ தூக்கிக்கொண்டு வந்தது. பெண் அடைகாத்தால் ஆண்தான் சாப்பாடு கொண்டுவர வேண்டும். ஆனால் அது முன்முகத்துக் கூட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் மலையைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டது.

பின்தோளுக்கு எதிரே, மறைப்பே தேவைப்படாத அளவு தள்ளியிருந்த ஒரு மேட்டில் உட்கார்ந்து தொலைநோக்கியை நிறுத்தினாள். வெகு நேரம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்க்கச் சொன்னாள். பாதி சரிந்து பல வருடமாகக் கைவிடப்பட்ட ஒரு பழைய கூடு அங்கே இருந்தது. அதன்மேல் புதுக் குச்சிகள். ஓரத்தில் வாடாத தழை. தழைக்குப் பின்னால் ஒரு தலை. அது மெல்லத் திரும்பி எங்கள் பக்கம் பார்த்தது.

கூட்டுக்குக் கொஞ்சம் கீழே பாறையில் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். துளை போட வேண்டிய இடங்களுக்குக் குவாரி ஆட்கள் பெயின்ட் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அடுத்த வாரம் வேலை ஆரம்பம்.

ராஜாளிக்கு ஒரே கூடு கிடையாது. இரண்டு மூன்று வைத்திருக்கும். பருவம் தொடங்கும்போது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் பழுது பார்க்கும், தழை போடும், உட்கார்ந்துகூடப் பார்க்கும், கடைசியில் ஒன்றில் முட்டையிடும். வீடு பார்க்கிறவர்கள் இரண்டு வீட்டுக்கும் முன்பணம் கொடுக்கிற மாதிரி. அதனால் ஒரு ஜோடியின் எல்லாக் கூடுகளையும் போய்ப் பார்க்காமல் இதுதான் என்று சொல்லக் கூடாது. இந்தத் தொழிலில் அதுதான் அரிச்சுவடி. இவளே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தது.

"தெரியாம சொன்னதுதானேடி," என்றேன்.

"தெரியாம சொல்லல அக்கா. போய்ப் பாக்காம சொன்னேன். இந்தச் சரளையில ஏறணுமேன்னு அலுப்பா இருந்துச்சு. பழைய கூடுதானே, எங்க வரப்போகுதுன்னு விட்டுட்டேன்."

முழங்காலைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிவப்புப் புள்ளிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் என் வீட்டுக்காரர் வழக்கம்போல ஒரு வழி சொன்னார். யாரும் பார்க்காத வரைக்கும் எதுவும் தப்பில்லை, கழுகு திடீரென்று மனசு மாறிக் கூட்டை மாற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம், கழுகைக் கூப்பிட்டா விசாரிக்கப்போகிறார்கள்? நானும் அதைத்தான் நினைத்தேன். அவள் தலையைத் தூக்காமல், "முட்டை போட்ட கழுகு கூடு மாத்தாது மாமா. அது தெரிஞ்சவங்க ஒருத்தராவது இருப்பாங்க," என்றாள். பிறகு, "நானே இருக்கேன்," என்றாள்.

மறுநாள் குவாரி அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரியும் வந்திருந்தார். அதே மின்விசிறி. தங்கை நாற்காலியில் உட்காரவில்லை. நான் காட்டிய இடம் தப்பு, முட்டை பின்தோளில் இருக்கிறது, நீங்கள் வெடி வைக்கப்போகிற இடத்துக்கு நேர் மேலே என்று சொன்னாள். ஏன் தப்பானது என்பதையும் சொன்னாள், காலைக் காரணம் காட்டாமல்.

வெடிக்காரர் உடனே கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஏம்மா, போன தடவை அங்க இருந்துச்சு. இப்போ இங்க. அடுத்த தடவை என் மேஜை டிராயர்ல முட்டை போடுமா?"

"போடாது சார். இங்க ஆள் நடமாட்டம் ஜாஸ்தி."

அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். பிறகு அவர் பேசியதெல்லாம் நியாயமாகவே இருந்தது. ஆட்களை வரச் சொல்லியாயிற்று, இயந்திரம் வாடகைக்கு எடுத்தாயிற்று, முன்பக்க அனுமதியை விட்டுக்கொடுத்துப் பின்பக்கத்துக்கு வாங்கியாயிற்று, அதைத் திரும்ப மாற்றுவதற்குள் ஒரு வருடம் போய்விடும், இந்தம்மா விரலை நம்பித்தானே முன்பக்கத்தை விட்டோம், இனி இவர் காட்டுகிற பக்கமெல்லாம் விட்டுக்கொண்டே போனால் மலையில் மிச்சம் என்ன இருக்கும் என்று கேட்டார். 

அதிகாரி கடைசியில் பேசினார். "நான் வந்து பாக்கறேன். ஆனா இத எழுதினா, முதல்ல நீங்க சொன்னது தப்புன்னும் சேத்துத்தான் எழுதணும். அடுத்த வருஷம் உங்களைக் கூப்பிடறது கஷ்டமாயிடும். யோசிச்சுச் சொல்லுங்க."

"எழுதுங்க மேடம்," என்றாள். யோசித்த மாதிரியே தெரியவில்லை. வரும் முன்பே யோசித்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அதிகாரி வந்தார், சரளையில் இரண்டு தடவை சறுக்கிக் கையைச் சிராய்த்துக்கொண்டு. மூவரும் மேட்டில் உட்கார்ந்தோம். வெயில் ஏறியது. கூட்டில் ஒன்றும் தெரியவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பார்க்காத மாதிரி இருந்தார், மறுபடி பார்த்தார். தங்கை தொலைநோக்கியை அவர் பக்கமே வைத்திருந்தாள். மத்தியானத்துக்குமேல் ஆண் பறவை வந்து கூட்டு விளிம்பில் இறங்கியது. பெண் எழுந்து நின்று இறக்கையை உதறியது. ஆண் உள்ளே நடந்தது. அதன் காலைப் பார்க்கச் சொன்னாள் தங்கை. விரல்களை உள்ளே மடக்கி, முஷ்டியைத் தரையில் ஊன்றுவதுபோல் நடந்தது. நகம் பட்டு முட்டை உடையாமல் இருக்க அது அப்படித்தான் நடக்கும். அதிகாரி நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை. எடுத்தபோது, நிறுத்தச் சொல்லிவிடுகிறேன், குஞ்சு பறக்கும்வரை என்றார். பறந்த அன்றே இவள் தகவல் சொல்ல வேண்டும், மறுநாளே வேலை தொடங்கும் என்பது ஏற்பாடு.

நின்ற வேலைக்கு ஆட்கள் இருந்தார்கள் அல்லவா. பாதிப் பேரை வேறு இடத்துக்கு லோடு ஏற்ற அனுப்பினார்கள். மீதிப் பேர் சும்மா இருந்தார்கள். பஸ் ஸ்டாப்பில் அவர்களில் ஒருவர், தங்கைக்குக் கேட்கும்படி, "கழுகுக் குஞ்சுக்கு ரெக்கை முளைக்கணுமாம், அதுவரைக்கும் நம்ம குஞ்சுங்க வாயைத் தெறந்துட்டு உக்காந்திருக்கணுமாம்," என்றார். நான் திரும்பி ஏதோ சொல்லப் போனேன். தங்கை என் முழங்கையைப் பிடித்தாள். அவர் சொல்வது சரிதான் அக்கா என்றாள். அதற்குப் பிறகு அந்த ஸ்டாப்பைத் தவிர்க்கலாம் என்று நான் சொன்னபோதும் கேட்கவில்லை. அங்கேயேதான் நின்று ஏறினாள்.

குஞ்சு பொரித்தது. ஒன்றே ஒன்று. மறைப்பைப் பிரித்துப் பின்தோளுக்கு எதிரே மாற்றிப் போட்டோம். வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தது, பிறகு பஞ்சுக்குள்ளிருந்து பழுப்பு இறகு குத்திக்கொண்டு வந்தது, பிறகு கூட்டு விளிம்பில் நின்று இறக்கையை அடித்துப் பழகியது. தங்கை இளைத்துக்கொண்டே போனாள். இது பிழைக்க வேண்டும், ஒரு நாள்கூட அதிகமாக ஆட்களின் வேலையை நிறுத்திவைக்கவும் கூடாது. இரண்டையும் ஒரே தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

கடைசி நாட்களில் கால் வீங்கிவிட்டது. தனியே விட மனமில்லாமல் ஒரு நாள், பறவை பார்க்காதபடி விடியும் முன்பே இருவரும் போய், நான் திரும்பி வராமல் மறைப்புக்குள்ளேயே இருந்துவிட்டேன். ஒரு சட்டைக்குக் காஜா எடுக்க எடுத்துவந்திருந்தேன். அவள் தொலைநோக்கியில் கண்ணை வைத்தபடி இருந்தாள். கொஞ்ச நேரத்தில் தலை சாய்ந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனசு வரவில்லை. அந்த வருடம் அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை.

அப்போதுதான் குஞ்சு போயிற்று. நான் ஓட்டை வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். விளிம்புக்கு வந்தது, இறக்கையை விரித்தது, கால் பிடியை விட்டுவிட்டது. கீழே இறங்கி, ஒரு வளைவு வளைந்து, தள்ளியிருந்த ஒரு பாறைப் படியில் போய் உட்கார்ந்தது. உட்கார்ந்ததும் கத்தியது.

அவளை உலுக்கினேன். கண்ணைத் தேய்த்துக்கொண்டு கூட்டைப் பார்த்தாள். காலி. பிறகு கத்தல் வந்த இடத்தைப் பார்த்தாள்.

"பறந்துச்சா, விழுந்துச்சா?"

பார்த்ததைப் பார்த்தபடி சொன்னேன். இறக்கை அடித்தது, வளைந்தது, காலை நீட்டி இறங்கியது. ஒன்றும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"அப்போ போன் பண்ணிடு," என்றேன். "அவங்க காத்துட்டிருக்காங்க."

"நீ பாத்தே அக்கா. நான் பாக்கல."

"என்னை நம்பலையா?"

"உன்னை நம்பறேன். ஆனா சொல்லப் போறது நான்."

வாங்கிக் கட்டிக்கொண்டது போதாதா என்று எனக்கு எரிச்சலாக வந்தது. காஜாவைத் தைத்து முடித்தேன். பாறைப் படியில் குஞ்சு நின்று கத்திக்கொண்டே இருந்தது. தாய் வந்து எதிரே உட்கார்ந்தது, காலில் இரை, கொடுக்கவில்லை. வா, வந்து எடுத்துக்கொள் என்று சும்மா காட்டிக்கொண்டிருந்தது. நிழல் மலையின் அடியிலிருந்து ஏறத் தொடங்கியது. தங்கை இமைக்காமல் இருந்தாள். கடைசியில் பசி வென்றது. குஞ்சு எம்பியது, இறக்கையைக் கனமாக அடித்து இடைவெளியைக் கடந்து, தாய்க்குப் பக்கத்தில் தடுமாறி இறங்கி, இரையைப் பிடுங்கிக்கொண்டது.

தங்கை போனை எடுத்தாள். முதலில் அதிகாரிக்கு. பிறகு வெடிக்காரருக்கு. "பறந்திடுச்சு சார். பாத்துட்டேன். நாளைக்கு ஆரம்பிச்சுக்கலாம்," என்றாள். அந்தப் பக்கம் அவர் என்னவோ கேட்டார். "இல்ல சார், நான்தான் பாத்தேன்," என்றாள். நான் முதலில் பார்த்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு வருத்தமும் இல்லை.

மறைப்பைப் பிரித்து மடித்தேன். அவள் எழுந்திருக்க நேரமாயிற்று.

மறுநாள் முற்பகல் நான் கடையில் இருந்தபோது முதல் வெடி கேட்டது. அலமாரிக் கண்ணாடி கிணுகிணுத்தது. பின்னாலேயே வீடு, போய்ப் பார்த்தேன். படுத்திருந்த தங்கை கண்ணைத் திறந்திருந்தாள். இரண்டாவது வெடியையும் கேட்டாள். அந்தக் குஞ்சு இப்போது எங்கே இருக்கும் என்று கேட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் அம்மா பின்னாடி சுத்திட்டிருக்கும் என்றாள். அடுத்த பருவத்துக்கு யார் வருவார்கள் என்று நான் கேட்கவில்லை. காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்துவிட்டு வந்தேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பி மறுபடி தூங்கிப்போனாள்.